விலங்கும் விடுதலையும்: வில்லியம் மார்ஸ்டனின் வாழ்க்கை

விலங்கு என்ற சொல்லைக் கேட்டதும் சிறைச்சாலை நம் நினைவுக்கு வரும். அடிமைச் சந்தை நினைவுக்கு வரும். நாட்டு விடுதலைக்காகக் கையில் தளை பூண்டவர்கள் நினைவுக்கு வருவார்கள். ஆனால் விலங்கை ஒரு விளையாட்டாகவும், பணிவை ஓர் இன்பமாகவும் கண்ட அறிஞர் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். கட்டுண்டு கிடப்பவளையே உலகின் வலிமை மிக்க வீராங்கனையாக்கி, பள்ளிச் சிறுவர் படிக்கும் படக்கதையில் உலவவிட்டார். கதை பல இலட்சம் படிகள் விற்றது. அவர் படைத்த வீராங்கனை வொண்டர் உமன் என்னும் அற்புதப் பெண். அவளைத் திரையிலே காணாத மாணவர் நம்மில் சிலரே இருப்பர். அவளைப் படைத்த வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டனை அறிந்தவரும் சிலரே.

அவர் எழுத்தாளராகப் பெயர் பெற்றவர் அல்லர். சட்டம் கற்றவர், உளநூற் பேராசிரியர், பொய்யைக் கண்டறியும் சோதனைக்கு வித்திட்டவர். அவர் வாழ்க்கையும் அவர் படைத்த கதையும் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழல்கின்றன. மனமுவந்து பணிவது எது, பணிய வைக்கப்படுவது எது என்பதே அக்கேள்வி.

இளமையும் கல்வியும்

மார்ஸ்டன் 1893-ஆம் ஆண்டு மே திங்கள் 9-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள சாகஸ் என்னும் ஊரில் பிறந்தார். 1911-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அவர் முதலாண்டு மாணவராக இருந்தபோதே பெண்களின் வாக்குரிமை இயக்கம் பல்கலைக் கழக வாயிலை வந்து தட்டியது. ஆங்கிலநாட்டு இயக்கத் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரைப் பேச அழைத்தார்கள் மாணவர்கள். பல்கலைக் கழகமோ தன் மண்டபத்தைத் தர மறுத்துவிட்டது. அம்மையார் வளாகத்துக்கு வெளியே வேறொரு மன்றத்தில் பேசினார். அந்தப் பூசல் செய்தித்தாள்களில் பரபரப்பாக அடிபட்டது.

அந்த இயக்கத்துக்குச் சங்கிலி ஒரு சின்னமாகவே இருந்தது. 1908-இல் லண்டனில் பிரதமர் இல்லத்தின் இரும்புக் கிராதியில் பெண்கள் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு முழக்கமிட்டனர். அமெரிக்கப் பத்திரிகைகளில் லூ ராஜர்ஸ் என்ற பெண் ஓவியர், கயிற்றை அறுத்துக்கொண்டு எழும் பெண்ணின் உருவத்தை வரைந்தார். கட்டுண்ட பெண், கட்டறுக்கும் பெண் என்னும் இரு சித்திரங்களும் மார்ஸ்டன் தலைமுறையின் கண்களிலே பதிந்திருந்தன. பின்னாளில் அவர் கதையை அவை நிறைக்கப் போகின்றன.

1915-இல் பி.ஏ. பட்டம் பெற்ற மார்ஸ்டன், அவ்வாண்டே எலிசபெத் ஹாலவேயை மணந்தார். ஹாலவே கணவருக்குக் கல்வியில் சற்றும் குறைந்தவர் அல்லர். ஹார்வர்டு சட்டக் கல்லூரி அக்காலத்தில் பெண்களைச் சேர்க்கவில்லை. எனவே பாஸ்டன் பல்கலைக் கழகத்தில் சட்டம் பயின்றார். அதற்குப் பணம் தரத் தந்தை மறுக்கவே, சமையற் புத்தகங்களை விற்றுத் தாமே பணம் தேடிக்கொண்டார். இருவரும் 1918-இல் சட்டப் பட்டம் பெற்றனர். 1921-இல் மார்ஸ்டன் உளநூலில் முனைவரானார். ஹாலவே ராட்கிளிப் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றார்.

பொய்யை அளக்க முயன்றவர்

ஹார்வர்டில் மார்ஸ்டனின் ஆசிரியர் ஹூகோ முன்ஸ்டர்பர்க் என்னும் ஜெர்மானிய உளநூல் அறிஞர். அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் மாணவராக இருந்தபோதே, பொய் சொல்லும் மனிதனின் இரத்த அழுத்தம் உயர்கிறது என்ற கருத்தை மார்ஸ்டன் சோதித்துப் பார்த்தார். சினம் வந்தால் தமக்கு இரத்த அழுத்தம் ஏறுவதாக ஹாலவே கூறியதே இந்த எண்ணத்துக்குப் பிறப்பிடம் என்பது குடும்பத்தார் வழங்கிய செய்தி. 1917-இல் ஆராய்ச்சி முடிவு அச்சேறியது. பிற்காலத்தில் மூச்சு, வியர்வை முதலியவற்றையும் சேர்த்து அளக்கும் பொறிகளை வேறு சிலர் அமைத்தனர். மார்ஸ்டனின் முறை அவற்றுக்கு முன்னோடி.

1922-இல் வாஷிங்டன் நகரில் ஜேம்ஸ் பிரை என்ற கறுப்பின இளைஞர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்றார். மார்ஸ்டன் அவரைச் சிறையில் சோதித்து, குற்றத்தை மறுக்கும் அவர் சொல் உண்மையே என முடிவு செய்தார். நீதிபதி அந்தச் சான்றை ஏற்கவில்லை. இளைஞர் தண்டிக்கப்பட்டார். 1923-இல் மேல்முறையீட்டு மன்றமும், ஒரு துறையின் அறிஞர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட முறையையே நீதிமன்றம் ஏற்கும் என்று கூறி மறுத்துவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 1993 வரை பின்பற்றிய அளவுகோல் இந்தத் தீர்ப்பிலிருந்தே பிறந்தது.

நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் ஓர் உறவு உண்டு. பொய்யறியும் சோதனையை ஒருவர் மீது அவர் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவி சரியா தவறா என்பதற்கு முன்னால், உட்படுபவர் உடன்பட்டாரா என்று கேட்டது நம் நீதிமன்றம். மார்ஸ்டனை அளக்க நமக்கும் அந்தக் கேள்வி பயன்படும்.

நான்கு உணர்ச்சிகள்

மார்ஸ்டன் எந்தக் கல்லூரியிலும் நெடுநாள் நிலைத்தவர் அல்லர். 1925-இல் டப்ட்ஸ் கல்லூரியில் கற்பிக்கச் சென்றார். அங்கு ஆலிவ் பர்ன் என்ற மாணவி அவருக்கு ஆராய்ச்சித் துணையானார். கருத்தடை இயக்கத் தலைவி மார்கரெட் சாங்கரின் தங்கை ஈதல் பர்ன். அவர் மகளே ஆலிவ். நியூயார்க்கில் 1916-இல் கருத்தடை நிலையம் திறந்ததற்காக ஈதல் சிறை சென்றார். 1917-இல் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். அதிகாரிகள் அவர் வாயில் வலிந்து உணவு புகட்டினர். உடம்பின் மீது பிறர் செலுத்தும் அதிகாரம் எத்தகையது என்பதை அறிந்த குடும்பத்திலிருந்து வந்தவர் ஆலிவ்.

அக்கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த மாணவியர் ஒரு விருந்து நடத்துவர். புதிதாகச் சேர்ந்த மாணவியர் குழந்தை உடை தரித்து வரவேண்டும். அவர்கள் கண்ணைக் கட்டி, கைகளைப் பிணைத்து, இட்ட ஏவலைச் செய்ய வைப்பர், மறுத்தவரை அடக்குவர். மார்ஸ்டனும் ஆலிவும் இந்த விருந்தைக் கண்டு, பங்கு கொண்ட மாணவியரிடம் பேசிக் குறிப்பெடுத்தனர். பிடித்தவரும் பிடிபட்டவரும் அதில் இன்பம் கண்டனர் என்பது மார்ஸ்டனின் முடிவு. 1928-இல் வெளியான இயல்பான மனிதரின் உணர்ச்சிகள் என்னும் பொருள்படும் தம் நூலில் இதனை விரிவாக எழுதினார்.

அந்நூலின் கொள்கை எளியது. மனித உணர்ச்சிகளுக்கு வேர் நான்கு. பகையான சூழலை எதிர்த்து வெல்ல முனைவது ஆதிக்கம். பகை வலிதாயின் வேறு வழியின்றி அடங்குவது இணங்கல். நட்பான சூழலில் பிறரைத் தன் பக்கம் ஈர்ப்பது தூண்டல். நட்பான ஒருவருக்கு மகிழ்ச்சியோடு தன்னை ஒப்படைப்பது பணிவு. இன்று நிறுவனங்கள் ஊழியரின் குணத்தை ஆராயப் பயன்படுத்தும் டிஸ்க் என்னும் முறை இந்த நான்கிலிருந்து கிளைத்ததே. ஆளுதலையும் பணிதலையும் விரும்புவது நோயன்று, இயல்பே என்று அந்நாளில் எழுதத் துணிவு வேண்டும். மார்ஸ்டனுக்கு அத்துணிவு இருந்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். வேறு வழியின்றி அடங்குவதையும் விரும்பிப் பணிவதையும் இரு வேறு உணர்ச்சிகளாகப் பிரித்தவர் அவர். அந்தப் பிரிவை அந்த விருந்துக்கே பொருத்திப் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பார்? கல்லூரிக்குப் புதியவள், மூத்தவர் முன்னே கண் கட்டப்பட்டு நிற்கிறாள். பிறகு ஆசிரியர் வந்து, இன்பமாக இருந்ததா என்று கேட்கிறார். அவள் சிரித்துக்கொண்டே சொல்லும் விடையை எப்படி எடைபோடுவது? நாம் இதனை ராகிங் என்போம். பல்கலைக் கழக மானியக் குழு 2009-இல் விதி வகுத்து இதனைத் தடை செய்திருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள், யாரும் வருந்தவில்லை என்ற வாதத்தை விடுதி வாழ்க்கை அறிந்த நாம் கேட்டிருக்கிறோம். பொய்யை அளக்கக் கருவி தேடிய அறிஞர், தம் எதிரே இருந்த அந்தச் சிரிப்பை அளக்காமல் விட்டுவிட்டார்.

ஒரு கூரையின் கீழ்

ஆலிவ் விரைவில் மார்ஸ்டனின் இல்லத்திலேயே வாழலானார். அவர் வருவதற்கு ஹாலவே உடன்படாவிட்டால் தாம் பிரிந்து செல்வதாக மார்ஸ்டன் கூறினார் என்றும், ஹாலவே வீட்டை விட்டு வெளியேறிப் பல மணி நேரம் நடந்து சிந்தித்த பின்பே இசைந்தார் என்றும் அவர்கள் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். அந்த இசைவை எந்தப் பெயரால் அழைப்பது? இணங்கல் என்பதா, பணிவு என்பதா?

ஹாலவேக்கு இருவர், ஆலிவுக்கு இருவர் என நான்கு குழந்தைகள் பிறந்தனர். மார்ஸ்டனுக்கு நிலையான வேலை இல்லாத காலங்களில் ஹாலவே அலுவலகம் சென்று பொருள் ஈட்டினார். ஆலிவ் வீட்டிலிருந்து நால்வரையும் வளர்த்தார். தாம் கணவரை இழந்தவர் என்று ஆலிவ் ஊராரிடம் சொல்லிக்கொண்டார். அவர் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை தங்கள் தந்தை யார் என்பதை அறியவில்லை. பொய்யைக் கண்டறிபவர் என்று நாடறிந்தவரின் வீடு ஒரு பெரிய மறைப்பின் மேல் நின்றது. சமூகம் அவர்களை அப்படி மறைந்து வாழ வைத்தது என்பதும் உண்மை.

மணமோதிரத்துக்கு மாற்றாக ஆலிவ் இரு கைகளிலும் அகன்ற காப்புகள் அணிந்தார். அந்தக் காப்புகளை இன்று உலகம் முழுவதும் அறியும்.

அற்புதப் பெண்

1940-இல் பேமிலி சர்க்கிள் என்னும் இதழில் ஆலிவ் புனைபெயரில் ஒரு பேட்டிக் கட்டுரை எழுதினார். பேட்டி தந்தவர் மார்ஸ்டன். படக்கதைகளால் குழந்தைகள் கெட்டுவிடுவர் என்ற அச்சம் பரவியிருந்த காலம் அது. படக்கதைகளில் நன்மையும் உண்டு என்றார் மார்ஸ்டன். அதைப் படித்த பதிப்பாளர் மாக்ஸ் கெய்ன்ஸ் அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். வீரர்கள் அனைவரும் ஆண்களாகவே இருப்பது பெருங்குறை, அன்பும் வலிமையும் ஒருங்கே கொண்ட பெண் ஒருத்தி வேண்டும் என்று மார்ஸ்டன் வாதாடினார். சார்லஸ் மோல்ட்டன் என்ற புனைபெயரில் கதையைத் தாமே எழுதினார். ஹாரி பீட்டர் படம் வரைந்தார். 1941 இறுதியில் ஆல் ஸ்டார் காமிக்ஸ் 8-ஆம் இதழில் வொண்டர் உமன் பிறந்தாள். 1942-இல் அவள் பெயரிலேயே தனி இதழ் வந்தது.

கதை இது. பண்டைக் காலத்தில் அமேசான் பெண்களை ஹெர்குலிஸ் வஞ்சித்து விலங்கிட்டு அடிமையாக்கினான். அப்ரோடைட் தேவி அவர்களை மீட்டு ஆண்களற்ற தீவில் குடியமர்த்தினாள். அடிமை வாழ்வை என்றும் மறவாதிருக்க அவர்கள் காப்பு அணிய வேண்டும். ஓர் ஆண்மகன் அக்காப்புகளில் சங்கிலி பிணைத்தால் அவர்கள் வலிமை போய்விடும். காப்பைக் கழற்றிவிட்டாலோ வெறி பிடித்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். பகைவன் பூட்டும் விலங்கு வலிமையை அழிக்கும். தேவிக்குப் பணிந்து பூண்ட காப்பு வலிமையை நெறிப்படுத்தும். உளநூல் நூலில் எழுதிய இணங்கலும் பணிவும் இங்கே கதையாகி நின்றன. அவற்றுடன் கண்ணுக்குப் புலனாகாத விமானம், எண்ணத்தைக் கொண்டுசெல்லும் வானொலி, செவ்வாய், சனி முதலிய கோள்களின் அரசுகள் என்று அறிவியற் கற்பனைகளும் கலந்து வந்தன.

அவள் இடையில் ஒரு மாயக் கயிறு தொங்கும். அதில் அகப்பட்டவர் அவள் ஆணைக்குப் பணிவர். உண்மையை வெளிப்படுத்தும் கயிறு என்று பிற்காலத்தார் அதன் பொருளைச் சுருக்கிவிட்டனர். 1943-இல் வந்த ஒரு கதையில் அமேசான்கள் திருநாள் கொண்டாடுகிறார்கள். சிலர் மான் வேடம் பூண்டு ஓட, மற்றவர் துரத்திப் பிடித்துக் கட்டுகிறார்கள். டப்ட்ஸ் கல்லூரி விருந்தை அறிந்தவர்க்கு இதன் ஊற்று விளங்கும். ஏறக்குறைய ஒவ்வோர் இதழிலும் யாரோ ஒருவர் கட்டுண்டார். பெரும்பாலும் அற்புதப் பெண்ணே கட்டுண்டாள், பிறகு கட்டை அறுத்து எழுந்தாள். சங்கிலியின் வகை, பூட்டின் இடம் ஆகியவற்றை மார்ஸ்டன் ஓவியருக்கு நுணுக்கமாக எழுதி அனுப்பினார்.

எழுந்த எதிர்ப்பு

எதிர்ப்பு வராமல் இருக்குமா? குழந்தை ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவரும் பதிப்பகத்தின் ஆலோசகர்களுள் ஒருவருமான ஜோசெட் பிராங்க், பெண்கள் விலங்கிடப்பட்டு வதைபடும் காட்சிகள் கொடுமையில் இன்பம் காண்பவை என்று 1943-இல் கண்டித்தார். மார்ஸ்டன் அசையவில்லை. வலியில் துன்புறுபவனைக் கண்டு மகிழ்வதே கொடுமை; தம் கதையில் கட்டுண்பவர் துன்புறுவதில்லை; அன்பான அதிகாரத்துக்குப் பணிவதில் இன்பம் காணக் கற்றால் உலகில் போர் ஒழியும் என்று விடை தந்தார். மனநோய் மருத்துவர் லொரெட்டா பெண்டர் மார்ஸ்டன் பக்கம் நின்றார். ஆனால் படைவீரர் ஒருவர், தமக்கும் இவ்வகை விருப்பம் உண்டென்றும் அத்தகைய தோல் வார்கள் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டுக் கடிதம் எழுதியபோது கெய்ன்ஸ் கலங்கிப்போனார். சங்கிலிகளைப் பாதிக்கு மேல் குறைக்க உதவிப் பதிப்பாசிரியர் டாரதி ரூபிசெக் வகுத்த வழிகளை மார்ஸ்டனுக்கு அனுப்பிவைத்தார். சங்கிலி குறைந்தபாடில்லை.

இரு பக்கத்திலும் ஒரு பாதி உண்மை இருந்தது. கட்டுண்ட படங்கள் யாவும் கொடுமை என்று பிராங்க் கருதினார்; விளையாட்டாகக் கட்டுண்பவரும் உண்டு என்பதை அவர் காணவில்லை. மார்ஸ்டனின் பிழை வேறு. அவர் கதையில் குற்றவாளிகளைத் திருத்தும் தீவு ஒன்று வரும். அங்கே கைதிகளுக்கு ஒரு மாயக் கச்சை அணிவிப்பர். அணிந்ததும் தீய எண்ணம் நீங்கி, ஆணைக்குப் பணிவதில் மகிழ்ச்சி பிறக்கும். சில கைதிகள் தப்பிச் செல்லவும் விரும்ப மாட்டார்கள். அந்த மகிழ்ச்சி கைதியுடையதா, கச்சையுடையதா? மறுக்கும் ஆற்றலையே எடுத்துவிட்ட பிறகு வரும் சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா? ஆள்பவர் அன்புடையவராயின் கேள்விக்கே இடமில்லை என்று அவர் நம்பினார். அன்பின் பெயரால் ஆள்பவர் தவறு செய்ய மாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

இன்று மேலைநாட்டில், கட்டுதல், ஆளுதல், பணிதல் ஆகியவற்றை விரும்பி மேற்கொள்வோர் அப்பழக்கங்களை பி.டி.எஸ்.எம். என்ற எழுத்துக்களால் குறிப்பர். முன்கூட்டியே பேசி உடன்படுவதும், நிறுத்து என்றவுடன் நிறுத்துவதும் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். பிற்கால அறிவியற் கற்பனை எழுத்தில் இப்பொருளைத் தொடுவோரும் அந்த விதிகளைக் கொண்டே அளக்கப்படுகின்றனர். மார்ஸ்டனின் தீவில் எல்லாம் இருந்தன. நிறுத்து என்ற சொல் ஒன்றுதான் இல்லை.

இறுதியும் எச்சமும்

1944-இல் இளம்பிள்ளை வாதம் மார்ஸ்டனைத் தாக்கி, கால்களின் இயக்கத்தைப் பறித்தது. ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் அவருக்கு உதவியாளராக வந்து, தாமும் பல கதைகள் எழுதினார். படுக்கையிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்த மார்ஸ்டன் 1947-ஆம் ஆண்டு மே திங்கள் 2-ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். ஐம்பத்து நான்கு வயது நிறைய ஒரு வாரமே இருந்தது.

பின்னர் கதையை ஏற்ற ராபர்ட் கானிகர் காலத்தில் பழைய கருத்துக்கள் மங்கின. 1954-இல் பிரெடரிக் வெர்த்தம் என்ற மருத்துவர் படக்கதைகளைக் கடுமையாகச் சாடி நூல் எழுத, பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதிகள் வகுத்துக்கொண்டனர். சங்கிலி மறைந்தது, அதனோடு அற்புதப் பெண்ணின் மிடுக்கும் குறைந்தது. 1972-இல் மிஸ் என்னும் பெண்ணுரிமை இதழ் அவளைத் தன் அட்டையில் நிறுத்தியபோதுதான் அவள் மறுபடியும் விடுதலையின் சின்னமானாள்.

மார்ஸ்டன் மறைந்த பிறகு அவ்விரு பெண்களும் என்ன செய்தனர்? பிரிந்து செல்ல அவர்களைத் தடுப்பார் இல்லை. ஆனால் அவர்கள் பிரியவில்லை. 1990-இல் ஆலிவ் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தனர். ஹாலவே 1993-இல் நூறு வயதில் மறைந்தார். தொடக்கத்தில் அவர்களுடைய இசைவு எப்படிப் பிறந்திருந்தாலும், இந்த நாற்பதாண்டை யாரும் அவர்கள் மீது சுமத்தவில்லை. கதவு திறந்திருந்தபோதும் அவர்கள் இருந்தார்கள்.

மார்ஸ்டனின் நூல்கள் சொல்லாத விடையை இந்த இரு பெண்களின் பிற்கால வாழ்க்கை சொல்கிறது. ஒருவர் விரும்பிப் பணிகிறாரா என்பதை அவர் முகத்தின் மலர்ச்சியைக் கொண்டோ இரத்த அழுத்தத்தைக் கொண்டோ அறிய முடியாது. அவர் மறுத்தால் என்ன நேரும் என்று பார்க்க வேண்டும். விடுதி அறையிலும், ஆராய்ச்சிக் கூடத்திலும், இல்லறத்திலும் நாம் நாள்தோறும் பிறரிடம் இசைவு கேட்கிறோம். பிறர் கேட்க நாமும் இசைகிறோம். நம் முன்னே தலையசைப்பவருக்கு மறுத்துத் தலையசைக்கவும் இடம் இருந்ததா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.